தைத்த முள்

குதிரைமொழித் தேரியின் செம்மணலில் வண்டி ஓட்டுகிற இளைஞர்கள், பிடிமானம் வேண்டி டயரில் காற்றைக் குறைத்துக்கொள்கிறார்கள். மணலுக்கு அது சரி. அதே காற்றோடு கல்பாதைக்கு இறங்கினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும். தேரியை விட்டதும் காற்றை நிரப்புவதே முறை. ஆனால் பழியெல்லாம் உடைமுள்ளின் மேல் விழுகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முள் குற்றமற்றதன்று. எனினும் பல வேளைகளில் அது தைத்தவுடன் துளைத்துவிடுவதில்லை. டயரில் ஒடிந்து தங்கி, ஓட ஓட உள்ளே இறங்குகிறது. மாலையில் சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பார்த்துப் பிடுங்கிவிடலாம்.

பொழுதுபோக்காக ஓட்டுகிறவருக்குப் பஞ்சர் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. விடியுமுன் உப்பளத்துக்குப் புறப்படும் தொழிலாளிக்கோ அது அன்றைய கூலி. ஆகவே, வெட்டிய சீமைக்கருவேல முள்ளை அவர்கள் வழியில் போட்டுச் செல்வதைச் சிறு பிழையென்று கருத என்னால் இயலவில்லை.