குழந்தையின் கையில் முதல் நூல்

நம் இல்லங்களில் ஒரு குழந்தை முதன்முதலாகக் கையில் ஏந்தும் நூல் பெரும்பாலும் அரபி அரிச்சுவடியாகவே இருக்கும். புத்தாடை உடுத்தி, தலையில் தொப்பியோ முக்காடோ அணிவித்து, மக்தபிற்கு அழைத்து வருகிறோம். 'அலிஃப், பே' என்று அந்தப் பிஞ்சு வாய் சொல்லக் கேட்டு மகிழ்ந்து, கூடியிருப்போருக்கு இனிப்பு வழங்குகிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு வந்த முதல் வஹீயே ஓதும்படி கட்டளையிட்டது. எழுதுகோலைக் கொண்டு கற்பித்த இறைவனின் பெருமையைப் பேசியது. அதை ஏற்ற சமுதாயம், மழலையை எழுத்தின் முன் அமர்த்தும் நாளை மகிழ்ச்சிக்குரிய நாளாக்குவது மிகவும் பொருத்தமே.

ஆயினும், அந்த இனிப்பின் சுவை எத்தனை நாள் நிலைக்கிறது? பத்து வயதை எட்டிய நம் பிள்ளைகளைச் சற்று உற்று நோக்குங்கள். தடையின்றி ஓதுகிறார்கள்; பள்ளிப் பாடத்தை ஒப்பிக்கிறார்கள். ஆனால், யாரும் ஏவாமல், தாமாக ஒரு நூலை எடுத்து மூலையில் அமர்ந்து படிப்பவர்கள் எத்தனை பேர்? தேர்வு முடிந்த அன்றே பாடநூலைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பத் துடிக்கும் கைகளே மிகுதி.

எழுத்துக் கூட்டத் தெரிவது வேறு. வாசிப்பை விரும்புவது வேறு. முன்னதை ஆசிரியர் தந்துவிடலாம். பின்னது வீட்டில் விதைக்கப்படாவிட்டால் முளைப்பது அரிது. வாசிப்பில் விருப்பமில்லாத பிள்ளை, பாடம் கடினமாகும்போது படிப்பையே விட்டுவிட எளிதில் துணிகிறது. பையன் கடைக்கு வேலைக்குப் போகிறான். பெண்ணின் படிப்பு பாதியில் நிற்கிறது. இதனால் நம் சமுதாயம் இழந்தவற்றை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் முன்னோர் இதைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. பத்ருப் போரில் (ஹிஜ்ரி 2, கி.பி. 624) சிறைப்பட்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் அதுவே ஈட்டுத்தொகை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பொருள் தேவை மிகுந்திருந்த காலத்தில் பொன்னுக்கு ஈடாகக் குழந்தைகளின் எழுத்தறிவு வைக்கப்பட்டது!

பின்னாளில் வந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (1332–1406), தமது 'முகத்திமா'வில் குழந்தைக் கல்வியை ஆராய்ந்துள்ளார். மக்ரிப் நாட்டில் சிறுவர்களுக்குக் குர்ஆனை மட்டும் கற்பித்தார்கள் என்றும், ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்களோ குர்ஆனை அடிப்படையாகக் கொண்டு, அதனுடன் கவிதையும் கட்டுரையும் அழகிய கையெழுத்தும் சேர்த்துக் கற்பித்தார்கள் என்றும் ஒப்பிடுகிறார். முதல் பிரிவினர் மொழியாற்றலில் பின்தங்கியதையும் இரண்டாம் பிரிவினர் அதில் சிறந்து விளங்கியதையும் குறிப்பிடத் தவறவில்லை. கடுமையும் அடியும் குழந்தையின் ஊக்கத்தை அழித்து, சோம்பலுக்கும் பொய்க்கும் அவனைப் பழக்கிவிடும் என்றும் எச்சரிக்கிறார். இது ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்!

பொருளறியாது ஓதினாலும் நன்மை உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் வாசிப்பின் மீது காதல் என்பது பொருளோடு மட்டுமே வருவது. ஆகவே மக்தபின் காலைப் பொழுதோடு, தாய்மொழியில் புரிந்து படிக்கும் ஒரு மாலைப் பொழுதும் குழந்தைக்கு வேண்டும். அந்த மாலைக்கு ஏற்றவை சின்னஞ்சிறு அறிவு நூல்களே. பறவை, விலங்கு, கடல், விண்மீன், எண், எழுத்து என்று ஏதேனும் ஒன்றைப் படத்துடன் எளிய சொற்களில் விளக்கும் நூல்களையே இங்கு குறிப்பிடுகிறேன்.

இத்தகைய நூல்களுக்கு முன்னோடி, கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்ற படநூல். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதே எண் கீழேயுள்ள சொல்லுக்கும் உண்டு. குழந்தையின் கண் பொருளைக் கண்டு, பிறகு சொல்லைத் தேடிச் சென்றது. சொல்லைத் திணிக்காமல், சொல்லைத் தேட வைத்ததே அந்நூலின் வெற்றி.

தேட வைப்பதற்கு நம்மிடம் வேறொரு வாயிலும் இருக்கிறது. திருமறையின் அத்தியாயங்களுள் சில எறும்பு, தேனீ, சிலந்தி, யானை என்று உயிரினங்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. சுலைமான் (அலை) அவர்களின் படையைக் கண்டு எறும்பொன்று தன் கூட்டத்தாரை எச்சரித்த நிகழ்ச்சியை ஒருமுறை வகுப்பில் கூறினேன். தமிழ் வாசிக்கச் சொன்னாலே தலைகுனியும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், "ஹஜ்ரத், எறும்பு பேசுமா?" என்று கேட்டான். மறுநாள் பூச்சிகளைப் பற்றிய ஒரு சிறு படநூலை அவனிடம் கொடுத்தேன். அவன் முதலில் செய்தது கால்களை எண்ணியதுதான். எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு! ஏன் இந்த வேறுபாடு என்று அறிய, படத்தின் கீழிருந்த வரிகளை எழுத்துக்கூட்டித் தானே படித்தான். சிலந்தி பூச்சியினம் அன்று என்பதைக் கண்டறிந்ததும் வகுப்பு முழுவதற்கும் அறிவித்தான். பிறகு, "தேனீக்கும் புத்தகம் இருக்கிறதா?" என்றான். தேனீ நடனமாடிப் பூக்கள் உள்ள திசையைத் தன் கூட்டாளிகளுக்கு உணர்த்துகிறது என்று கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார் என்ற செய்தியை அவனுக்குச் சொன்னபோது, அவன் கண்களில் தெரிந்த ஒளியை எந்தப் பிரம்பும் வரவழைத்திருக்க முடியாது.

குழந்தையின் உள்ளத்தில் கேள்வி முதலில் பிறக்க வேண்டும். நூல் அதற்கு விடையாக வர வேண்டும். விடை கிடைத்த இன்பமே அடுத்த நூலைத் தேடச் செய்யும். கேள்வி பிறக்கும் முன்பே விடைகளை அடுக்கி ஒப்பிக்கச் சொன்னால், நூல் சுமையாகிவிடுகிறது.

இங்கே பெற்றோரின் பங்கு பெரிது. அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனை மெய்ப்பிக்கிறது. படநூலை வெறுமனே படித்துக் காட்டாமல், "இது என்ன? அது ஏன் ஓடுகிறது?" என்று வினவி, குழந்தையின் மறுமொழியை நீட்டி வளர்க்கப் பெற்றோர் சிலருக்குப் பயிற்சி அளித்தார்கள். ஒரே மாதத்தில் அக்குழந்தைகளின் பேச்சாற்றல், அவ்வாறு செய்யப்படாத குழந்தைகளைவிட முன்னேறியிருந்தது.

இது நமக்குப் புதிதுமன்று. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அரபுத்தமிழில் எழுதிய நூல்களை நம் பாட்டிமார் வீட்டில் அமர்ந்து வாசித்தார்கள்; சுற்றியிருந்தோர் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தின் படியேறாத பெண்களும் வாசகர்களாக விளங்கிய இல்லங்கள் நம்முடையவை.

நூல்களுக்கும் பஞ்சமில்லை. பெரியசாமித் தூரன் தலைமையில் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் கண்ட மொழி தமிழ். 1957இல் தில்லியில் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட்டின் குழந்தை நூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் படநூல்களைத் தமிழிலும் வெளியிட்டு வருகிறது. "விலை கொடுத்து வாங்க இயலாதே" என்போருக்கு ஒரு செய்தி: 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழியாகத் தமிழகத்தில் கிளை நூலகங்கள் பரவின. வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்துகிறோம். நாம் பணம் கொடுத்துவிட்ட நூல்கள் அங்கே நம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கின்றன!

தாய்மார்களுக்குச் சில சொற்கள். இஷாவுக்குப் பின் பதினைந்து நிமிடம் போதும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுக் குழந்தையை அருகில் அமர்த்துங்கள். நூலை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். ஒரே நூலை இருபது முறை கேட்டாலும் சலிக்காதீர்கள். தெரிந்த வரியை மீண்டும் காண்பதில் குழந்தைக்குப் பேரின்பம் உண்டு. படித்து முடித்ததும் தேர்வு வைக்காதீர்கள். தவறு செய்ததற்குத் தண்டனையாக, "போய்ப் புத்தகத்தை எடு" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தயங்க வேண்டாம். படத்தைக் காட்டிப் பேசலாம், மூத்த பிள்ளையைப் படிக்கச் சொல்லித் தாமும் உடனிருந்து கேட்கலாம். உயிரினங்களின் படங்களைப் பற்றித் தயக்கமுள்ள குடும்பத்தார், செடி கொடிகளையும் வானத்தையும் கடலையும் பற்றிய நூல்களிலிருந்து தொடங்கலாம்.

தந்தையருக்கும் ஒன்று. வெளியூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும்போது பெட்டி நிறையப் பொம்மையும் மிட்டாயும் கொண்டு வருகிறீர்கள். அவற்றுக்கிடையே ஒரு நூலுக்கும் இடம் கொடுங்கள். வாப்பா வாங்கி வந்த நூல் என்ற பெருமையே பாதி வாசிப்பு.

மக்தபில் முதல் எழுத்தைச் சொன்ன நாளில் நாம் வழங்கிய இனிப்பு, பிள்ளைகளின் நாவோடு நின்றுவிடாமல் நெஞ்சிலும் தங்க வேண்டும். தாமே தேடிப் படிக்கும் தலைமுறையை நமக்குத் தந்து, கல்வியைப் பயனுள்ள கல்வியாக ஆக்கி வைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.