கருணை வேண்டாம், கணக்கு வேண்டும்!

"பீர் காய்ச்சுவோனுக்கும் பந்தி பரிமாறுவோனுக்கும் சங்கம் ஒரு கேடா?" என்று ஏளனம் பேசுவோர் இன்றும் உளர். செய்யும் தொழிலை வைத்துச் செய்பவனை அளக்கும் அச் சிறுமதியாளருக்கு, ஜெர்மன் நாட்டு வரலாறு விடை கூறுகிறது.

19-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பீர் ஆலைத் தொழிலாளர் பலர் ஆலையிலேயே உண்டனர், ஆலையிலேயே உறங்கினர். கூலியின் ஒரு பகுதி பீராகவே வந்தது. உணவக ஊழியருக்கோ, பல இடங்களில் கூலியே கிடையாது! விருந்தினர் விட்டெறியும் சில்லறையே பிழைப்பு. அதற்கு அவர்கள் மொழியில் 'டிரிங்க்கெல்ட்' என்று பெயர்; குடிப்பதற்கான காசு என்று பொருள். உழைத்தவன் உண்ணக் கூலியில்லை; குடிக்கக் காசாம்! கருணையா அது? கொடுக்காத கூலியை மறைக்கக் கட்டிய திரை!

அத் திரையைக் கிழிக்க எழுந்தது சங்கம். 1865-இல் லைப்சிக் நகரில், பிரிட்சே தலைமையில், சுருட்டுத் தொழிலாளர் நாடளாவிய சங்கம் கண்டனர். இன்றைய 'உணவு, நுகர்பொருள், உணவகத் தொழிலாளர் சங்கம்' அதனையே தன் வேராகக் கொள்கிறது. 1878-இல் பிஸ்மார்க்கின் அடக்குமுறைச் சட்டம் பாய்ந்தது. 1890-இல் அச் சட்டம் மாண்டது, சங்கங்கள் மீண்டன.

1894-இல், மே நாளில் வேலைக்கு வரவில்லை என்று, பெர்லினையடுத்த ஓர் ஆலை தன் பீப்பாய்த் தொழிலாளரை விலக்கியது. நகரத் தொழிலாளர் மனு எழுதினரா? மண்டியிட்டனரா? இல்லை! முதலாளிகளின் பீரைத் தொட மறுத்தனர். மாதங்கள் உருண்டன, மறுப்பு தளரவில்லை. ஆண்டு முடியுமுன் முதலாளிகள் பேச இறங்கி வந்தனர்.

1933 மே 2-ஆம் நாள் இட்லரின் படை சங்க மனைகளைப் பறித்தது. ஆனால் 1949-இல், மியூனிக்கில், சங்கம் மீண்டும் எழுந்தது.

இன்றும் பீர் ஆலைத் தொழிலாளி இலவசப் பீர் பெறுகிறான். அன்று அது ஆண்டை அளித்த அருள். இன்று அது ஒப்பந்தத்தில் எழுதிய உரிமை! பீர் மாறவில்லை, பெறுபவன் நிமிர்ந்தான். 2015-இல் மணிக்கு 8.50 யூரோ எனச் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலியில், விருந்தினர் தரும் சில்லறையைக் கழிக்க முதலாளிக்கு உரிமையில்லை. அச் சட்டத்தை முன்னின்று கேட்டது இச் சங்கமே.

இளைஞனே! கொடுப்பவன் மனம் மாறினால் மறையும் கருணை. ஒன்றுபட்டோர் கையெழுத்தில் நிலைக்கும் உரிமை. அடுத்த முறை தட்டில் சில்லறை வைக்கும்போது வள்ளலென்று மகிழாதே. "இவருக்குக் கூலி எவ்வளவு?" என்று கேள்!