தொட்டிக்குள்ள புல்தரை வேணுமா? ஆரையை நடுங்க

சென்னையில இருக்கிற என் அக்கா மகன் போன மாசம் ஒரு போட்டோ அனுப்பினான். ரெண்டடி கண்ணாடித் தொட்டி, உள்ளே நாலஞ்சு மீன், அடியில மஞ்சளாகி, பாசி பிடிச்சுக் குழைஞ்சு கிடக்குற ஏதோ ஒரு செடி. "மாமா, நீங்கதானே விவசாயி, இது ஏன் அழுகுது?"ன்னு கேள்வி வேற. மீன் தொட்டி விவசாயம் எனக்கு எங்கே தெரியும்? ஆனா செடி சாகுற காரணம் வயலுக்கும் தொட்டிக்கும் அவ்வளவா மாறாது.

அவன் வாங்கினது 'கியூபா'ன்னு கடையில சொல்ற குட்டி இலைச் செடி. பேரே சொல்லுது, கியூபா நாட்டுச் சரக்கு. தொட்டிக்குள்ள பச்சைக் கம்பளம் விரிக்கிற இந்த மோகத்தை உலகம் முழுக்கப் பரப்பினவர்னு ஜப்பானியப் புகைப்படக்காரர் தகாஷி அமானோவை (1954–2015) சொல்வாங்க. அவர் செஞ்ச தொட்டிகளைப் படத்துல பார்த்தேன், அழகுதான், குறை சொல்ல முடியாது. ஆனா அந்த அழகுக்குப் பின்னால பளீர்னு விளக்கு, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், வாராவாரம் கத்தரிக்கோலோட நிக்கிற ஆள் எல்லாம் இருக்கு. காத்துல பரவுற வேகத்தோட பார்த்தா, தண்ணிக்குள்ள அந்த வாயு கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு மெதுவாத்தான் பரவும். கரை ஓரத்துல பாதி உடம்பை வெளியே நீட்டி வாழ்ந்த செடியை முழுசா முக்கிட்டா, மூச்சுக்கு சிலிண்டர்தான் கதி. காலைல எட்டு மணிக்கு ஆபீசுக்குப் போயிட்டு ராத்திரி வர்றவனுக்கு இது தேவையா?

"மாப்ளே, ஆரை நடு"ன்னு சொன்னேன். அவனுக்குப் புரியலை. இங்கே அரிமளத்துல கண்மாய்ப் பாசன வயல்ல நடவு முடிஞ்சதும் தானா வர்ற ஆரைக்கீரையேதான். ஒரு காம்பு, உச்சியில கூட்டல் குறி மாதிரி நாலு இலை. (மூணு இலையோட புளிப்பா இருக்கிறது புளியாரை. அது வேற சாதி, தண்ணிக்குள்ள போட்டா செத்துடும். மாத்தி நட்டுட்டு என்னைத் திட்டாதீங்க.) ஆரை பூக்காது, காய்க்காது, பெரணி வகை. கோடையில வயல் வெடிச்சுக் கிடக்கும்போது அதோட வித்துப் பை மண்ணுக்குள்ள கல்லு மாதிரி காத்துக்கிடக்கும். ஐப்பசி மழை விழுந்து தண்ணி நின்னதும் எழுந்துரும். இப்படிப்பட்ட செடிக்கு உங்க தொட்டி ஒரு கஷ்டமா? இதே குடும்பத்துச் செடியைத்தான் மீன் கடையில 'மார்சீலியா'ன்னு கப்புல போட்டு விக்கிறாங்க.

ரெண்டு அங்குலம் பொடிக்கல்லோ ஆத்து மணலோ போட்டு, மூணு நாலு இலை உள்ள துண்டுகளா பிரிச்சு, ரெண்டு விரக்கடை இடைவெளியில ஊனுங்க. முதல் ஒரு மாசம் பயமுறுத்தும். வெளிக்காத்துல வளர்ந்த நாலிலை எல்லாம் அழுகும். பிடுங்கிப் போட்டுடாதீங்க. தண்ணிக்கேத்த புது இலை குட்டைக் காம்போட வரும், பல சமயம் ஒத்தை இலையாவே இருக்கும். வேர்த்தண்டு மணலுக்குள்ள ஓடிப் பரவ நாலஞ்சு மாசம் ஆகலாம். அவசரக்காரங்களுக்கு இது சரிப்படாது. ஆனா மெதுவா வளர்றதாலதான் வெட்டுற வேலையும் இல்லை. ஆறேழு மணி நேரம் சாதாரண விளக்கு போதும்.

வெளிச்சம் குறைஞ்ச மூலைக்கு இலங்கையிலேர்ந்து வந்த கிரிப்டோகோரைன் நல்லது, அதுவும் முதல்ல இலை கரைஞ்சு பிறகுதான் தழையும். நீர்ப்பிரமியும் வளரும், ஆனா அது மேல பார்த்து எழும்புற சாதி, தரையில படுக்காது. அப்புறம், வெறும் மணலா விட்டாலும் தப்பில்லைங்க. எங்க ஊர்க் கண்மாய்க்குள்ள யாரும் புல்வெளி போட்டு வைக்கலை, மீன் நல்லாத்தான் இருக்கு.

வயல்லேர்ந்து எடுக்கிறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. களைக்கொல்லி, பூச்சிமருந்து அடிச்ச வயலாத்தான் பெரும்பாலும் இருக்கும். ரெண்டு மூணு வாரம் வாளியில போட்டு தண்ணி மாத்தி மாத்தி வைங்க. நத்தை முட்டை, அட்டை எல்லாம் அதுக்குள்ள தெரிஞ்சுரும். நானும் மருந்து அடிச்சவன்தான், ஒளிக்கலை. எங்க அம்மா காலத்துல களை எடுக்கப் போற பொம்பளைங்க மடி நிறைய ஆரை கொண்டாந்து கடைவாங்க. இப்ப களை எடுக்கக் கூலியாள் கிடைக்கிறதில்லை, நட்ட மூணாம் நாளே மருந்து விழுந்துருது. தேடிப் போனா மேட்டு வாய்க்கால் ஓரத்துலதான் கொஞ்சம் கிடக்கு.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். தொட்டி சலிச்சுப் போச்சுன்னா உள்ளே இருக்கிறதைக் கொண்டுபோய் ஏரியிலயோ குளத்துலயோ கொட்டாதீங்க. ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவுலேர்ந்து அழகுக்காக வங்காளத்துக்கு வந்த செடிதான். இப்ப அதை அள்ளுறதுக்கு பொக்லைன் கூப்பிடுறோம். கடையில 'டேங்க் கிளீனர்'னு தர்ற மீனும் நம்ம நீர்நிலைகள்ல இறங்கிடுச்சு. வேண்டாத செடியை வெயில்ல காயப்போட்டு குப்பையில போடுங்க.

பொங்கலுக்கு மாப்ளே வர்றான். வாய்க்கால் ஓரத்து ஆரை ரெண்டு கொத்து எடுத்து, கொல்லையில பழைய பெயிண்ட் வாளியில மூணாவது தண்ணி மாத்தி வச்சிருக்கேன்.