திரும்பி வரும் பஞ்சுச் சிப்பங்கள்

பஞ்சு விற்போர் அதன் தரத்திற்கு உறுதி கூறுவதும், அவ்வுறுதிக்கு மாறான சிப்பங்களை நூலாலையார் திருப்பியனுப்புவதும் வியாபாரத்தில் வழக்கமேயாம். இவ்வகையில் "நூற்றுக்கு ஒன்றுக்குமேல் திரும்பலாகாது" என்று பிரஸ் உடையோர் கணக்கருக்குக் கட்டளையிடுவதுண்டு. அந்த ஒன்று எவ்வாறு கிடைத்ததென வினவின் விடை கிடையாது. தூத்துக்குடி முத்துக்குளிப்பு இதனினும் ஒழுங்காக நடந்தது. 1961-இல் நின்றுபோன அத்தொழிலில், பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்தை மதிப்பிட்ட பின்னரே குளிப்பு அறிவிக்கப்பெற்றது.

முதலாவது, கணக்கிடும் முறையிலேயே பிழை நேர்கிறது. சித்திரையில் 1000 சிப்பம் அனுப்பி, அவற்றுள் 20 ஆனியில் திரும்பினவென்று வைத்துக்கொள்வோம். ஆனியில் அனுப்பியது 200 மட்டுமாயின், கணக்கர் நூற்றுக்கு 10 என்று எழுதி நடுங்குவார். உண்மையில் அது நூற்றுக்கு 2 தான். திரும்பிய சிப்பத்தை அது புறப்பட்ட மாதத்தின் கணக்கிலேயே சேர்க்கவேண்டும். ஒவ்வொரு சிப்பத்திலும் பிரஸ் அடையாளமும் வரிசை எண்ணும் இருக்கவேண்டுமென 1925-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததனால், இதற்கு வேண்டிய கருவி நெடுநாளாகவே கையில் உள்ளது.

இரண்டாவது, காரணங்களைப் பிரித்தறியாத இலக்கினால் யாதொரு பயனும் இல்லை. ஈரம் ஒரு குறை, தூசி ஒரு குறை, கலப்பு மற்றொரு குறை. அரவையில் பஞ்சு மிகுதியாகக் காண்பதால் புளிச்சையைக் கருங்கண்ணியோடு கலந்த காலமும் இருந்தது. புளிச்சையின் இழையோ குட்டை, முரடு. 1932-இல் சென்னை மாகாணம் சட்டமியற்றியே அதனைத் தடுக்க நேர்ந்தது. கலப்பு நிலத்திலும் களத்திலும் தொடங்குவது. பிரஸ் கணக்கரை அதட்டுவதால் அது குறையாது. ஈரமோ எளிதில் அளக்கத்தக்கது. இந்தியப் பருத்திக் கழகம் விதைப்பருத்தியில் 8 விழுக்காட்டிற்கு மேற்பட்ட ஈரத்திற்கு விலையில் கழிவு செய்கிறது. 12-ஐத் தாண்டினால் வாங்குவதில்லை. ஆதலின் ஈரத்திற்கு இவ்வாண்டே கடுமையான இலக்கு வைக்கலாம். கலப்பிற்குச் சென்ற மூன்று பருவங்களின் சொந்தக் கணக்கைப் பார்த்து, அதனிற் சிறிது குறைத்து வைப்பதே நியாயம்.

இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. இலக்கு மிகச் சிறிதானால், சிப்பம் திரும்பாதபடி ஆலையாருடன் விலையைக் குறைத்துப் பேசி முடித்துவிடுகின்றனர். பதிவேடு தூய்மையாகத் தோன்றும். குறைந்த விலையோ அடுத்த வாரமே கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விதைப்பருத்தி விற்போர் தலையில் இறங்கும். நல்ல பருத்தி கொணர்ந்தவனும் ஈரப்பருத்தி கொணர்ந்தவனும் ஒரே நஷ்டத்தைச் சுமக்கின்றனர். ஆதலால் விலைக்கழிவு பெற்ற சிப்பத்தையும் திரும்பியதாகவே எண்ணவேண்டும். இதனாற் கணக்கு முதலாண்டில் உயர்ந்தே காணும்; அதற்கு முதலாளிகள் அஞ்சலாகாது.

விவசாயிகள் கூட்டாக ஜின்னிங் சாலைக்குப் பருத்தி அனுப்பும்போது, தம் குவியலின் பஞ்சு எந்த எண்ணுள்ள சிப்பங்களிற் சென்றதென்று எழுதி வாங்கிக்கொள்வார்களாக. அச்சீட்டைக் காட்டாமற் கேட்கப்படும் கழிவுக்கு இணங்கவேண்டிய கட்டாயம் அவர்கட்கு இல்லை.