பட்டாணி பர்கரும் மாட்டிறைச்சியும்

பட்டாணிப் புரதம், தாவர எண்ணெய், சிவப்பு நிறத்துக்குக் கொஞ்சம் பீட்ரூட் சாறு. அமெரிக்கக் கடைகளில் இறைச்சிக்குப் பக்கத்திலேயே விற்கும் 'பியாண்ட் பர்கர்' வில்லையில் இருப்பவற்றில் முக்கியமானவை இவை. அந்நாட்டு மாட்டிறைச்சி வில்லையோடு ஒப்பிட்டால் இதனால் வெளியாகும் பசுங்குடில் வாயு 90 சதவீதமும், தேவைப்படும் நிலம் 93 சதவீதமும் குறைவு என்று 2018இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது. ஆய்வுக்குப் பணம் தந்தது இந்த பர்கரைத் தயாரிக்கும் நிறுவனம்தானே என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால், 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளை அலசி அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 100 கிராம் புரதத்துக்கு, இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டின் கணக்கில் சேர்வது சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பட்டாணிக்கு அரை கிலோகூட இல்லை.

மாட்டிறைச்சியின் கணக்கில் பெரும்பங்கு மாட்டின் வயிற்றிலிருந்தே வருகிறது. அசைபோடும் மாடு வெளியேற்றும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். புல் மட்டும் மேயும் மாடு பரவாயில்லை என்பார்கள். அது வளர அதிகக் காலம் பிடிப்பதால் மீத்தேனும் நிலமும் கூடுதலாகவே செலவாகின்றன. தாவர இறைச்சிக்குத் தேவைப்படும் சோயாவால்தான் அமேசான் காடு அழிகிறது என்பதும் பாதி உண்மையே. உலக சோயாவில் முக்கால் பங்கு கால்நடைத் தீவனமாகிறது. அமேசானில் காட்டை அதிகம் விழுங்கியதோ மேய்ச்சல் நிலம். தாவர வில்லையை ஆலையில் பதப்படுத்த மின்சாரம் செலவாவது மெய்தான். பருப்பை நேரடியாகச் சமைப்பது இன்னும் நல்லது. மாட்டிறைச்சியை மிகுதியாக உண்ணும் பணக்கார நாடுகள், கால்நடைப் பண்ணைகளுக்குத் தரும் மானியத்தில் ஒரு பகுதியையாவது பயறு விளைவிக்கும் உழவர்களுக்குத் திருப்பிவிட வேண்டும்.