ஐந்து வெற்றியும் ஒரு விலகலும்

சடுகுடு ஆட்டத்தை அறியாத தமிழ்ச் சிறுவர் இலர். ஒருவன் தனியே எதிரியின் எல்லைக்குள் புகுவதும், அவனைப் பலர் சூழ்ந்து மடக்குவதும், பிடியினின்று திமிறி அவன் நடுக்கோட்டைத் தொட முயல்வதும் அவ்வாட்டத்தின் உயிர்நிலை. அமெரிக்கர் தமக்கே உரியதாக வளர்த்துக்கொண்ட கால்பந்தாட்டமும் ஏறக்குறைய இத்தகையதே. பெயர் கால்பந்து ஆயினும் காலால் உதைக்கும் வேலை அதில் குறைவு. முட்டை வடிவான பந்தை ஒருவன் மார்போடு அணைத்துக்கொண்டு எதிரியின் எல்லையை நோக்கி ஓடுவான். எதிரணியார் பாய்ந்து அவனை வீழ்த்துவர்.

இன்று அவ்வாட்டக்காரர் தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து களம் புகுகின்றனர். 1899ஆம் ஆண்டில் அத்தகைய காப்பு மிகக் குறைவு. அணிக்குப் பதினொருவர், தாக்குவோரும் அவரே, காப்போரும் அவரே. மூன்று முயற்சிக்குள் ஐந்து கசம் முன்னேறாவிடின் பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1906ஆம் ஆண்டு வரை விதி இடந்தரவில்லை. ஆதலின் மோதி முன்னேறுவதே ஆட்டமாயிற்று. கை கால் முறிந்தோர் பலர், உயிரிழந்தோரும் உண்டு. 1905இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டே பெருங்கல்லூரிகளின் சார்பாளரை அழைத்து, ஆட்டத்தின் முரட்டுத்தன்மையைக் குறைக்குமாறு வற்புறுத்தினார் என்றால் அதன் கடுமையை எளிதில் உணரலாம்.

அக்கடுமை நிறைந்த காலத்தில் ஒரு சிறு கல்லூரி நிகழ்த்திய செயல் இன்றும் வியப்போடு பேசப்படுகிறது. டென்னசி மாநிலத்தில், கம்பர்லாந்து மேட்டுநிலத்தின்மீது செவானி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள கல்லூரிக்குத் 'தென்னகப் பல்கலைக்கழகம்' என்று பெயர். பெயர் பெரிது, மாணவர் தொகையோ மிகச் சிறிது. அதன் கால்பந்து அணிக்கு 1899இல் மேலாளராய் இருந்தவர் லூக் லீ என்னும் மாணவர். பிற்காலத்தில் அவர் அமெரிக்க மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். அவ்வாண்டு, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு நுழைவுக் கட்டணத்தைப் பங்கிடுவதில் பிணக்கு ஏற்பட்டு, நல்ல வருவாய் தரும் ஆட்டமொன்று நின்றுபோயிற்று. அக்குறையை ஈடுசெய்ய லூக் லீ வகுத்த திட்டம், கேட்டோர் நகைக்கத்தக்கதாகவே இருந்திருக்கும். ஆறே நாளில் ஐந்து ஆட்டம், ஐந்தும் வெளியூர்களில், எதிரிகளோ தம்மினும் பெரிய கல்லூரிகள்!

ஏறத்தாழ இருபது பேர் புகைவண்டி ஏறினர். அவர்கள் சென்று மீண்ட தொலைவு 2,500 மைல், அதாவது ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் என்பர். கும்மிடிப்பூண்டி வழியே தில்லிக்குச் செல்லும் வண்டியில் ஏறிச் சென்று மீண்டும் ஊர் திரும்பும் தொலைவுக்கு அது சற்றே குறைவு. வேற்றூர் நீரால் உடல்நலம் கெடாதிருத்தற்பொருட்டுத் தம் மலைச் சுனைநீரையே பீப்பாயில் நிரப்பி உடன் கொண்டு சென்றனர். இத்தகைய சிறு முன்னெச்சரிக்கையைக் காண்போர், லூக் லீயின் திட்டம் வெறும் துணிச்சலன்று என்பதை அறிவர்.

நவம்பர் 9ஆம் நாள் ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12–0 என்று வென்றனர். இரவெல்லாம் பயணம். 10ஆம் நாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் வேளாண் கல்லூரியை 10–0 என்றும், 11ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸில் துலேன் பல்கலைக்கழகத்தை 23–0 என்றும் வென்றனர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சமயச் சார்புடைய கல்லூரி ஆதலின் அன்று ஆட்டம் இல்லை. 13ஆம் நாள் பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34–0 என்றும், 14ஆம் நாள் மெம்பிஸில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தை 12–0 என்றும் வென்று முடித்தனர். ஐந்து அணிகளுள் ஒன்றேனும் ஒரு புள்ளியேனும் எடுக்கவில்லை. அவ்வாண்டு முழுவதும் ஆடிய ஆட்டம் பன்னிரண்டு, வெற்றியும் பன்னிரண்டு. எடுத்த புள்ளி 322, இழந்தது 10. அந்தப் பத்தையும் எடுத்தது ஆபர்ன் அணி. ஜான் ஹைஸ்மன் பயிற்றுவித்த அவ்வணியைச் செவானி 11–10 என்று, ஒரே புள்ளியால், தப்பி வென்றது.

இவ்வளவும் புகழத்தக்கவையே. எனினும், அந்நாளில் அக்கல்லூரியில் கறுப்பின மாணவர்க்கு இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை. களத்தில் காட்டிய ஆண்மையைப் போற்றுவோர் இதனை மறைத்துப் பேசுதல் முறையன்று.

பின்னர் நடந்ததுதான் ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கல்லூரிக் கால்பந்து பெருந்தொழிலாக மாறிற்று. பல்லாயிரவர் அமரும் அரங்குகள் எழுந்தன. ஆட்டத்தில் வல்ல இளைஞரைத் தேடிப் பிடித்து, பொருள் கொடுத்துக் கல்லூரியில் சேர்க்கும் வழக்கம் பெருகிற்று. 1932இல் தென்கிழக்கு மாநாடு என்னும் போட்டிக் கூட்டமைப்பு தோன்றியபோது, பழைய புகழால் செவானியும் அதில் ஓர் உறுப்பாயிற்று. முடிவு யாது? அக்கூட்டமைப்பினரோடு ஆடிய 37 ஆட்டங்களிலும் தோல்வி! 1899இல் தன்முன் மண்டியிட்ட லூசியானாவும் மிசிசிப்பியும் துலேனும் அதே கூட்டமைப்பில் இருந்தன. ஓடும் கால்கள் இரண்டு பக்கமும் மாணவர் கால்களே. ஆனால் ஒரு பக்கத்தில் அவை விலைகொடுத்துத் திரட்டப்பட்டவை.

செவானியின்முன் இரண்டு வழிகள் இருந்தன. தானும் பொருள் கொடுத்து வீரரைத் திரட்டலாம், அன்றேல் விலகலாம். அப்போது அதன் தலைவராய் இருந்த அலெக்சாந்தர் கெரி, ஆட்டத்திற்காக மாணவரைப் பொருளால் ஈர்த்தலைக் கடிந்தவர். 1940இல் கல்லூரி கூட்டமைப்பினின்று விலகிற்று. ஆட்டத்தை விட்டொழிக்கவில்லை, தன்னையொத்த கல்லூரிகளோடு ஆடத் தலைப்பட்டது.

'தோல்விக்கு அஞ்சி ஓடினர்' என்று இதனை இகழ்வார் இருக்கலாம். தோல்விக்கு அஞ்சுவோர் எட்டு ஆண்டுகள் தோற்றுக்கொண்டே நிற்பரோ? அவர்கள் அஞ்சியது தோல்விக்கன்று, வெற்றியின் விலைக்கே. ஆறு நாளில் ஐந்து ஆட்டங்களை வெல்வதற்கு வலிமையும் துணிவும் போதும். கைதட்டுவோர் எவருமிலர் என்று அறிந்தும் உரிய நேரத்தில் விலகுவதற்கு அதனினும் பெரிய உரம் வேண்டும். 1940ஆம் ஆண்டின் விலகலே 1899ஆம் ஆண்டின் வெற்றியினும் உயர்ந்தது.

இவ்வினா அமெரிக்காவிற்கு மட்டும் உரியதன்று. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் ஒரு தொழிற்பேட்டை உள்ளது. அங்குள்ளது போன்ற ஒரு தொழிற்சாலை, ஆட்டத்தில் வல்லவன் ஒருவனுக்கு வேலை தந்து அவனைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டால் அதில் குற்றமில்லை. இந்திய இரயில்வே நெடுங்காலமாக அவ்வாறே செய்து வருகிறது. அதனால் ஏழை வீரன் வீட்டில் அடுப்பு எரிகிறது. பள்ளியின் நிலை வேறு. அது தன் மாணவர் ஆடுவதற்காகவே திடலை வைத்திருக்கிறது. போட்டி நெருங்குங்கால் வேற்றூரான் ஒருவனை ஏட்டில் எழுதிக்கொண்டு கோப்பையைப் பெற்றால், ஆண்டு முழுவதும் மாலைதோறும் வியர்வை சிந்திய உள்ளூர் மாணவன் கோட்டுக்கு வெளியே அமர்ந்து கைதட்ட வேண்டியதுதான். வந்தவனுக்கேனும் நன்மையுண்டோ எனில், போட்டி முடிந்தபின் அவன் கல்வியைப் பற்றி எவரும் வினவுவதில்லை.

இவ்விடத்தில் செவானியின் வழியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற வேண்டுவதில்லை. கட்டணம் செலுத்த இயலாத மாணவன், தன் ஆட்டத்திறனால் கல்லூரியில் இடம் பெற்றுக் கற்பானாயின் அது நன்றே. விளையாட்டு வீரர்க்கென்று கல்லூரிகள் சில இடங்களை ஒதுக்குவதும் அதன்பொருட்டே. அவன் வகுப்பில் அமர்கிறானா, தேர்வு எழுதுகிறானா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

செவானியில் கால்பந்து இன்றும் ஆடப்படுகிறது. ஆட்டத்திற்கென்று உதவித்தொகை எவர்க்கும் வழங்கப்படுவதில்லை. அன்று அது வென்ற ஐந்தனுள் துலேன் ஒழிந்த நான்கும் இன்று அத்தென்கிழக்கு மாநாட்டில் இடம்பெற்று, பெருந்திரள் காணப் பேரரங்குகளில் ஆடுகின்றன. செவானியின் ஆட்டக்காரரோ வகுப்பு முடிந்தபின் தம் மலைத்திடலுக்குப் பயிற்சிக்கு வருகின்றனர்.