வேகத்துக்கு யார் பொறுப்பு?

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற தூத்துக்குடியில் இன்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பவை கன்டெய்னர் லாரிகள். துறைமுகச் சாலையின் டீக்கடையொன்றில், லாரி டிரைவரான நண்பர் ஒருவர் தமது கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். வேகமாக ஓட்டியதற்கு அபராதச் சலான் வந்திருந்தது.

"கட்டித் தொலைத்துவிட வேண்டியதுதானே, அண்ணாச்சி?" என்றார்.

கட்டலாம். ஆனால் கட்டிவிட்டால் விவகாரம் சமரசமாக முடிந்ததாகிவிடும். பிறகு கேள்வி கேட்க இடமில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு, கனரக வாகனத்துக்கு 2,000 ரூபாய் முதல் 4,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மறுமுறை அகப்பட்டால் லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். உப்பு மூட்டை ஏற்றிப் பிழைப்பவருக்கு இது லேசான தொகையன்று.

அதே பிரிவில் ஒரு காப்பும் இருக்கிறது. "இவர் வேகமாகப் போனார்" என்று ஒரே சாட்சி கண்ணால் மதிப்பிட்டுச் சொல்வதை மட்டும் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது. அந்த மதிப்பீட்டுக்குக் கருவியின் ஆதாரம் வேண்டும். இங்கிலாந்தில் 1903-இல் மணிக்கு 20 மைல் என்று வரம்பு கட்டியபோதே, ஒரு சாட்சியின் அபிப்பிராயம் மட்டும் போதாது என்று எழுதி வைத்தார்கள். அந்நாளில் அங்கே மோட்டார் வைத்திருந்தவர்கள் பெரிய மனிதர்கள். அதனால்தான் இத்தனை ஜாக்கிரதை போலும்!

கேமராவுக்கும் கட்டுப்பாடு உண்டு. அதற்கு அங்கீகாரச் சான்று வேண்டும், கண்காணிப்பு நடக்கும் இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்று 2021-இல் விதி சேர்த்தார்கள். படத்திலுள்ள எண் தம் லாரியின் எண்தானா, சான்று எங்கே, பலகை இருந்ததா என்று நண்பர் மாஜிஸ்டிரேட்டின் முன் கேட்கலாம். ஒருநாள் வருமானம் போகும் என்பது மெய். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் வாய் திறவாமல் கட்டிவிடுகிறார்கள்.

"அது கிடக்கட்டும். உண்மையிலேயே வேகமாகப் போனீரா?" என்று கேட்டோம்.

நண்பர் சிரித்தார். "போனேன், அண்ணாச்சி. ஏழு மணிக்குள் துறைமுக வாசலில் நிற்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு. தவறினால் படியில் பிடித்துக்கொள்வார்."

இங்கேதான் சட்டம் நம்மை வியக்க வைத்தது. ஓட்டியவரை மட்டுமின்றி, தம்மிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைத்தவரையும் 183-ஆவது பிரிவு குற்றவாளியாக்குகிறது. வேக வரம்பை மீறாமல் முடிக்க இயலாத பயணத்தை இன்ன நேரத்துக்குள் முடிக்கச் சொன்னால், அந்த உத்தரவே கொடுத்தவருக்கு எதிரான முதல் ருஜு.

முதலாளியின் குரல் அதே கைப்பேசியில் பதிவாகியிருந்தது. அதை அழிக்க வேண்டாம் என்றோம். நண்பர் டீ ஆறும்வரை யோசித்தார்.

"காட்டலாம், அண்ணாச்சி. அப்புறம் அடுத்த நடைக்கு வண்டி யார் கொடுப்பார்கள்?" என்றார்.

நமக்குப் பதில் தோன்றவில்லை.